முதலில் ஆறு, பிறகு ஆலை

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நாள் உலா



நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கோலசிலாங்கூர் பக்கத்தில், இன்று செம்பனை நிற்கும் ஒரு நிலத்தில், அன்று பால்மரங்கள் நின்றன. அங்கே லயத்து வீட்டு வாசலில் என் தாய் எனக்கு இரண்டு கட்டளைகள் இட்டிருந்தார். ஒன்று, ஆற்றுப் பக்கம் போகாதே. மற்றொன்று, அப்பாவைக் கூப்பிடுவதற்காகக்கூடக் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே.

உங்களில் பலருடைய வீட்டிலும் இந்த இரண்டு கட்டளைகளும் இருந்திருக்கும். மழைக்காலத்தில் ஆறு பிள்ளைகளைக் கொண்டுபோகும். சம்பள நாளில் கள்ளுக்கடை அப்பாக்களைக் கொண்டுபோகும். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறுபது வயதைக் கடந்த பிறகு, ஒரே நாளில் அந்த இரண்டு கட்டளைகளையும் நான் மீறினேன். காலையில் ஆற்றில் துடுப்புப் போட்டேன். மாலையில் ஒரு ஒயின் ஆலைக்குள் நுழைந்தேன். அந்த நாளைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். 'பணக்காரர்களின் பொழுதுபோக்கு நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நமக்கும் அதில் சேதி இருக்கிறது.

தெற்கே மூன்று மணி நேரம்

என் மகளும் மருமகனும் பெர்த் நகரில் இருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஐந்தரை மணி நேரம். இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. நம் ஊர் நேரம்தான் அங்கேயும். சாலையிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பருவம் மட்டும் வேறு. அங்கே டிசம்பரில் கொளுத்தும் வெயில், ஜூலையில் குளிரும் மழையும்.

நான் போனது மார்ச் மாதம். ஒரு நாள் மகள் வந்து, "ம்மா, சனிக்கிழமை மார்கரெட் ரிவருக்குப் போறோம். காலையில தோணி ஓட்டிட்டு, மத்தியானம் ஒயின் ஆலையைப் பார்த்துட்டு வரலாம்" என்றாள்.

"ஆறும் வேணாம், ஆலையும் வேணாம். நான் வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"குடிக்கிறதுக்கு இல்ல அத்தை, சும்மா பார்க்கத்தான்" என்றார் மருமகன். என் மனத்தில் ஓடியது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பேரன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க வராட்டி நானும் போகல பாட்டி" என்று சொல்லிவிட்டான். அப்புறம் என்ன செய்வது? கிளம்பினேன்.

பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். ஊருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர். விச்சர் மலைத்தொடரில் பிறந்து, அறுபது கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, பிரெவெலி என்னும் கடற்கரையில் இந்தியப் பெருங்கடலோடு கலக்கிறது அந்தச் சிற்றாறு. அதற்கு வெள்ளைக்காரர் பெயர் வைப்பதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள், இன்றும் வாழ்பவர்கள், நூங்கார் இனத்தைச் சேர்ந்த வாடண்டி மக்கள். அந்த வட்டாரத்துக் குகை ஒன்றில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர்கள் வாழ்ந்த தடயம் கிடைத்திருக்கிறது. நம் கரிகாலன் கல்லணை கட்டியது நேற்று நடந்தது போலத் தோன்றுகிறது, இல்லையா?

தேத்தண்ணி நிறத்தில் ஒரு ஆறு

காலை எட்டரை மணிக்குப் பசியாறிவிட்டு ஆற்றங்கரையில் நின்றோம். கோடையில் ஆற்றின் வாயைக் கடல்மணல் மேடிட்டு அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போதுதான் மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அதனால் நாங்கள் போன பருவத்தில் தண்ணீர் குளம் போல் அசையாமல் கிடந்தது. நிறமோ பால் ஊற்றாத தேத்தண்ணி மாதிரி! பயந்துவிடாதீர்கள், அழுக்கு அல்ல. கரையில் உள்ள மரங்களின் பட்டையும் இலையும் ஊறி இறங்கிய சாயம் அது.

எங்களுக்குக் கொடுத்தது 'கெனு' என்னும் துடுப்புத் தோணி. நம்மூர்ச் சம்பானைவிட ஒல்லி. இரண்டு முனையும் கூர்மை. முதலில் ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை. நீச்சல் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேதமில்லை. வழிகாட்டி இளைஞர் ஒவ்வொருவரின் வாரையும் தாமே இழுத்துப் பார்த்து, தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை காதுவரை ஏறி வந்தால் தளர்வு என்று அர்த்தமாம். என் புடவைக்கு அன்று விடுமுறை. மகளின் காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். எங்கள் லயத்து ஆட்கள் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும்!

துடுப்புப் போடும் சூத்திரம் எளிது. முன்னால் இருப்பவர் தாளம் போடுகிறார். பின்னால் இருப்பவர் திசை காட்டுகிறார். இடப்பக்கம் துடுப்புப் போட்டால் தோணியின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் போட்டால் இடப்பக்கம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து போட்டால் நேரே போகும். எழுந்து நிற்கக்கூடாது. கவிழ்ந்துவிட்டால் தோணியை விட்டுவிட்டு நீந்தக்கூடாது. அது மிதக்கும், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லும்போது எளிதுதான். முன்னால் நான், பின்னால் பேரன். இருவரும் ஒரே பக்கம் போட்டோம். தோணி வட்டமடித்தது. அவன் சிரிக்க, நான் பதற, நாணல் புதருக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றோம். "பாட்டி, நீங்க தாளம் மட்டும் போடுங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்" என்றான். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: கோலாட்டம். தோட்டத்துத் திருவிழாவில் ஆடியது. 'ஒன்று, இரண்டு' என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு துடுப்பைப் போட்டேன். தோணி நேரானது.

கரையில் தாளை உரித்தது போலப் பட்டை தொங்கும் மரங்கள். அதே குடும்பத்து மரத்தை நம் நாட்டில் கெலாம் என்பார்கள். சிங்கப்பூரின் கம்போங் கெலாமுக்குப் பெயர் தந்த மரம். அதன் பட்டையைக் கொண்டு அந்நாளில் படகின் இடுக்குகளை அடைப்பார்கள். அவ்வளவு தொலைவில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கருப்பு அன்னங்கள் மிதந்தன. ஆமாம், கருப்பு! 'அன்னம் வெள்ளை' என்று படித்த நாம் அங்கே போனால் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நெடுநாள் பயம் ஒரு காலையில் போய்விடாது. ஆனால் அது உயிர்காப்புச் சட்டையின் வாரில் போய் அடங்கிக்கொண்டது. எங்கள் தோட்டத்து ஆற்றில் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு நீந்தச் சொல்லித்தர ஆளில்லை, ஒரு மிதவை கொடுக்கவும் ஆளில்லை. 'போகாதே' என்ற ஒரு சொல்தான் எங்கள் தாய்மார்களிடம் இருந்த உயிர்காப்புச் சட்டை.

குதிரையில் வந்த இருவர்

சற்று மேலே போனால் ஆற்றோரமாகச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் எழுகிறது. அதன் அருகே 'வால்கிளிஃப்' என்ற கல்வீடு ஒன்று உண்டு. பஸ்ஸல் என்னும் குடியேற்றக் குடும்பம் 1865இல் கட்டியது. 2011 நவம்பர் காட்டுத்தீயில் அந்த வீடு எரிந்தது. தீ பரவாதிருக்க அதிகாரிகள் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்த தீ, கைமீறிப்போய் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அந்த வீட்டைப் பற்றிய இன்னொரு கதையை வழிகாட்டி சொன்னார். அது வரலாறு. 1876 டிசம்பர் 1ஆம் நாள், 'ஜார்ஜெட்' என்ற நீராவிக் கப்பல் ஓட்டை விழுந்து அந்தக் கரையோரத்தில் தரைதட்டியது. அதை முதலில் கண்டவர் சாம் ஐசக்ஸ் என்ற பூர்வகுடித் தொழிலாளி. பஸ்ஸல் குடும்பத்தின் மாடுகளைப் பார்த்துக்கொள்பவர். அவர் ஓடி வந்து சொல்ல, அந்த வீட்டுப் பெண் கிரேஸ், வயது பதினாறு, அவரோடு குதிரையில் கிளம்பினாள். இருவரும் அலைக்குள் குதிரையை இறக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் குதிரையையும் சேணத்தையும் பற்றிக்கொள்ள, மணிக்கணக்காகப் போய்ப் போய் வந்து சுமார் ஐம்பது பேரைக் கரை சேர்த்தார்கள்.

கிரேஸுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அவள் பெயரில் ஏரியும் ஊரும் உண்டாயின. சாம் ஐசக்ஸுக்கு வெண்கலப் பதக்கமும் நூறு ஏக்கர் நிலமும் கிடைத்தன. முதலில் கண்டவர் அவர்; அலைக்குள் இறங்கியவரும் அவர். ஆனாலும் வெள்ளி அவளுக்கு, வெண்கலம் இவருக்கு. தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்தக் கணக்குப் புரியும், இல்லையா வாசகர்களே? இன்று அந்தக் கரையில் உள்ள ஒரு பாறைக்கு அவர் பெயர் இருக்கிறது.

டாக்டர்கள் நட்ட கொடி

மதிய உணவுக்குப் பிறகு ஆலைக்குப் போனோம். அதற்கு முன் அந்த ஊர் எப்படித் திராட்சை ஊரானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்கு அது பிடிக்கும்.

ஆதியில் அங்கே மரம் அறுக்கும் வேலை. பிறகு 1921இல் அரசாங்கம் ஒரு குடியேற்றத் திட்டம் போட்டது. இங்கிலாந்திலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 'காட்டை வெட்டுங்கள், மாடு வளருங்கள், நிலம் உங்களுக்கு' என்றார்கள். வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கி, வானளாவிய மரங்களோடு போராடினார்கள். பலருக்குக் கடன்தான் மிஞ்சியது. நிலத்தைப் போட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நம் பாட்டன் பூட்டன் கதைக்கு அது தூரத்து உறவு. ஒரே வித்தியாசம், அவர்களுக்காவது நிலம் என்று ஒரு பேச்சு இருந்தது.

1965இல் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இந்த ஊரின் வெயிலும் மழையும் பிரான்சின் புகழ்பெற்ற போர்டோ பகுதியை ஒத்திருக்கின்றன, இங்கே நல்ல திராட்சை விளையும் என்றார். அதைப் படித்த டாம் கல்லிட்டி என்னும் பெர்த் நகரத்து இருதய மருத்துவர் 1967இல் கொடி நட்டார். ஆலைக்கு 'வாஸ் ஃபீலிக்ஸ்' என்று பெயர். அவரைப் பின்பற்றி வேறு சில டாக்டர்களும் நட்டார்கள். அந்த ஊரின் முதல் திராட்சைத் தோட்டங்களில் பல மருத்துவர்கள் தொடங்கியவை!

1971இல் முதல் அறுவடை. பழுக்கும் நேரம் பார்த்து வெள்ளிக்கண் குருவிகள் கூட்டமாக இறங்கின. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? குருவிகளை விரட்ட ஒரு வல்லூறைப் பிடித்துப் பழக்கி வைத்தார். பறக்கவிட்டார். அது பறந்தது, பறந்தது, திரும்பி வரவே இல்லை! அந்த ஏமாற்றத்தின் நினைவாக இன்றும் அந்த ஆலையின் புட்டியில் வல்லூறு படம் இருக்கிறது. இப்போது கொடிகளின் மேல் வலை போர்த்திவிடுகிறார்கள். காட்டில் மர்ரி என்ற மரம் நன்றாகப் பூத்துவிட்ட ஆண்டில் குருவிகள் அந்தத் தேனுக்குப் போய்விடுமாம், திராட்சையைச் சீண்டாவாம். வயிறு நிறைந்தால் திருட்டில்லை என்பது குருவிக்கும் பொருந்துகிறது.

பழம் மதுவாகும் விதம்

நாங்கள் பார்த்த ஆலையில் ஒரு பெண்மணி சுற்றிக் காட்டினார். கொடி நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கும். நம் செம்பனை மாதிரி. குளிர்காலத்தில் கவாத்து. எத்தனை கணு விடுவது என்று எண்ணி எண்ணி வெட்ட வேண்டும். பால்மரத்தில் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டுவது எப்படி ஒரு கைத்திறமையோ, அப்படி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. கையாலும் பறிக்கிறார்கள், இயந்திரத்தாலும் பறிக்கிறார்கள். இயந்திரம் பெரும்பாலும் நடுராத்திரியில் ஓடும். பழம் சூடேறாமல் ஆலைக்கு வர வேண்டும் என்பதற்காக.

இதைக் கேட்டதும் என் மனம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? விடியுமுன் எழுந்து, பிரட்டுக் களத்தில் நின்று, வெயில் ஏறுமுன் மரம் வெட்டப் போன என் தாயிடம்தான். குளிர்ச்சியில்தான் பால் இறங்கும். பழமானாலும் பாலானாலும் முதலாளிக்குக் குளிர்ச்சி வேண்டும். அதற்குத் தூக்கத்தைக் கொடுப்பவர் தொழிலாளி.

பறித்த பழத்தைக் காம்பு நீக்கி நசுக்குகிறார்கள். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. நொதி சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும், கரிவாயு வெளியேறும். பாளையிலிருந்து இறக்கிய இனிப்புத் தண்ணீர் வெயில் ஏறஏறப் புளித்துக் கள்ளாவது நமக்குத் தெரியும் அல்லவா? தத்துவம் அதேதான். கள் அன்றைக்கே குடித்துத் தீர்ப்பது. ஒயினைப் பீப்பாயில் அடைத்து மாதக்கணக்கில் வளர்க்கிறார்கள். ஒரு பீப்பாயில் 225 லிட்டர். அதாவது 300 புட்டிகள். ஒரு புட்டிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும். ஒயினில் சாராயச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு. 'பழச்சாறுதானே' என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது கள்ளைவிட வீரியம் கூடியது.

புளிக்கும் தொட்டியருகே ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. கரிவாயு கனமானது, தொட்டிக்குள் தங்கிவிடும். தெரியாமல் இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுமுட்டி இறந்தது உலகின் பல ஆலைகளில் நடந்திருக்கிறது. மினுக்கும் புட்டிக்குப் பின்னாலும் ஓர் உழைப்பாளியின் உயிர் இருக்கிறது.

கிண்ணத்தின் முன்னால்

கடைசியாக ருசி பார்க்கும் கூடம். பளபளக்கும் மரமேசை. ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் இரண்டு மடக்கு அளவு ஊற்றுகிறார்கள். நிறம் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், வாயில் வைக்கிறார்கள். வேண்டாமென்றால் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. வண்டி ஓட்ட வேண்டிய மருமகன் தண்ணீர் மட்டும் குடித்தார். இரத்தத்தில் 0.05 விழுக்காட்டைத் தொட்டால் அங்கே வழக்குத்தான்.

என் முன்னாலும் ஒரு கிண்ணம் வந்தது. "இல்ல, வேணாம்" என்றேன். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே அதை எடுத்துவிட்டுத் திராட்சைச் சாறு கொண்டுவந்து வைத்தார். வற்புறுத்தவில்லை. காரணமும் கேட்கவில்லை. காரணம் கேட்டது பேரன்.

"ஏன் பாட்டி? ஒரு வாய்தானே?"

அவன் கிண்ணம் அவன் கையில் இருந்தது. அங்கே சட்டப்படி பதினெட்டு வயதானால் குடிக்கலாம். நான் நாற்பது ஆண்டுகள் என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை அந்த மேசையருகே சொன்னேன்.

என் தந்தை நல்லவர். வேலையில் கெட்டிக்காரர். சம்பள நாளன்று மட்டும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். கள்ளுக்கடை தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தது. கூலி கொடுக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில். பிறகு கள் போதவில்லை. சம்சு வந்தது. யார் காய்ச்சியது, என்ன கலந்தது, யாருக்கும் தெரியாது. ஒரு மாதச் சம்பளத்தில் அரிசிக்கடைக் கடன் போக மிச்சமில்லாத இரவுகளில் அம்மா எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்துவிட்டு, தமக்குப் பசியில்லை என்பார். எனக்குப் பதினான்கு வயதில் அப்பா போய்விட்டார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி.

"அதான் பாட்டி உங்க அப்பா படம் வீட்டுல இல்லியா?" என்றான் பேரன்.

"படம் எடுக்கக் காசு இருந்திருந்தா அரிசி வாங்கியிருப்போம்டா" என்றேன்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தாத்தா காய்ச்சலில் போனார் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அப்படிச் சொன்னது நான்தான். பேரன் தன் கிண்ணத்தில் ஒரு வாய் வைத்துவிட்டு, மீதியைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டான். நான் சொல்லிச் செய்யவில்லை. அன்றைக்கு அது போதும் எனக்கு.

குறை யாரிடம்?

வாசகர்களே, 'குடிகாரத் தோட்டத்துத் தமிழன்' என்று நம்மைப் பிறர் ஏசியதுண்டு. ஆனால் தோட்டத்துக்குள் கடையை வைத்தது யார்? நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பி அடியும் சிறையும் பட்டார்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கள்ளச் சாராயத்தின் கேடு பழைய கதையும் அல்ல. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். ஒரு காலத்து நம்மைப் போன்றவர்கள்.

மார்கரெட் ரிவரின் கிண்ணத்துக்கும் அப்பாவின் குவளைக்கும் உள்ளிருப்பது ஒரே சத்துதான். வெளியே இருப்பதுதான் வேறு. அங்கே வயிறு நிறைந்தவர்கள் இரண்டு மடக்கு வாயில் வைத்து, பிடிக்காவிட்டால் துப்புகிறார்கள். இங்கே முதுகு ஒடிந்தவர்கள் வலி மறக்கக் குடித்தார்கள். அதற்காக மேசையில் வைத்துக் குடித்தால் மது மருந்தாகிவிடாது. உயர்ந்த விலைப் புட்டியும் ஈரலைக் கெடுக்கும். ஆனால் என் தந்தையை நான் இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருந்ததில் பாதி, அவர்மேல் போக வேண்டியதல்ல என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

நீங்களும் போகலாம்

பிள்ளைகள் பெர்த்தில் இருக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல உண்டு. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

— எப்போதும் முதலில் ஆறு, பிறகு ஆலை. குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

— உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கிக் கட்டுங்கள். அங்கே மட்டுமல்ல, இங்கே மீன்பிடிக்கச் சம்பானில் போகும்போதும்தான்.

— தொப்பி, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு, மாற்றுத்துணி எடுத்துச் செல்லுங்கள். என் தொப்பி இன்னமும் அந்த ஆற்றில்தான் மிதக்கிறது!

— வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. ருசி பார்க்கப் பெரும்பாலான ஆலைகளில் கட்டணம் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டாம். 'வேண்டாம்' என்று சொல்வதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை.

— ஊறுகாய், கருவாடு, மசாலைத்தூள் எதுவானாலும் விமான நிலையத்தில் பாரத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்தால் பெருந்தொகை அபராதம்.

அங்கே போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். நம் நாட்டிலும் ஆறுகள் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள். 'ஆற்றுப் பக்கம் போகாதே' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குடியைப் பற்றியும் அப்படித்தான். 'அந்தப் பக்கம் போகாதே' என்றால் போதாது. ஏன் என்று சொல்லுங்கள். வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நான் நாற்பது ஆண்டுகள் தாமதமாகச் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் பேரன் காரில் தூங்கிவிட்டான். அவன் தலை என் தோளில் இருந்தது. துடுப்புப் போட்ட என் கைகள் வலித்தன. அம்மா இருந்திருந்தால், "ஆத்துக்கும் போனியா, அங்கேயும் போனியா?" என்று கேட்டிருப்பார்.

போனேன் அம்மா. இரண்டிலிருந்தும் திரும்பி வந்துவிட்டேன்.